வணிக மேலாண்மையில் முனைவர் பட்டம்: மலையிலிருந்து தொடங்குவோருக்கு ஓர் எளிய விளக்கம்

கோத்தகிரியிலும் குன்னூரிலும் எம்.பி.ஏ. அல்லது எம்.காம். முடித்த இளைஞர்கள் என்னிடம் பிஎச்.டி. பற்றிக் கேட்கும்போது, எத்தனை ஆண்டுகள் ஆகும், உதவித்தொகை கிடைக்குமா, வேலையில் இருந்துகொண்டே செய்யலாமா என்ற மூன்று கேள்விகளைத்தான் முதலில் கேட்கிறார்கள். மூன்றும் நியாயமான கேள்விகள். மூன்றுக்கும் இந்தக் கட்டுரையில் விடை உண்டு. ஆனால் அவற்றுக்கு முன்பே தெளிவாக வேண்டிய ஒன்று இருக்கிறது. வணிக மேலாண்மையில் முனைவர் பட்ட ஆய்வு என்றால், அங்கே உட்கார்ந்து என்னதான் செய்கிறார்கள்? இதைப் புரிந்துகொள்ளாமலேயே பதிவு செய்துவிட்டு, இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து மனம் சோர்ந்து பாதியில் நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எம்.பி.ஏ. படிப்பவர், பிறர் ஏற்கெனவே கண்டறிந்தவற்றைக் கற்று, அவற்றைக் கொண்டு முடிவெடுக்கப் பழகுகிறார். குன்னூர் ஏலத்தில் இந்த வாரம் தேயிலைத் தூளை என்ன விலைக்கு விடலாம், தொழிற்சாலைக்கு இன்று எவ்வளவு பச்சை இலை வாங்கலாம், சீசனுக்கு ஓட்டலில் எத்தனை ஆட்களைக் கூடுதலாகச் சேர்க்கலாம் என்று தீர்மானிப்பது அவர் வேலை. முனைவர் பட்ட ஆய்வாளரின் வேலை வேறு. இதுவரை யாரும் சரிவரக் கண்டறியாத ஒன்றை அவர் கண்டறிய வேண்டும். எந்த வழியில் கண்டறிந்தார் என்பதையும், முன்பின் தெரியாத ஒருவர் எடுத்துச் சோதித்தாலும் நிற்கும் விதத்தில் எழுதிவைக்க வேண்டும். இருபது ஆண்டுகள் தொழிற்சாலை நடத்திய ஒருவருக்கு, எந்த ஊரிலிருந்து வரும் இலை நன்றாக இருக்கும் என்பது கைப்பிடியிலேயே தெரிந்துவிடும். அந்த அறிவு உயர்ந்த அறிவு; அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் அது அவரோடு இருக்கும் அறிவு. அவருக்குத் தெரிந்தது உண்மைதானா, எவ்வளவு தூரம் உண்மை, எந்தச் சூழலில் பொய்த்துப்போகும் என்று இன்னொருவர் சரிபார்க்கக்கூடிய வடிவத்தில் வெளியே எடுத்து வைப்பதுதான் ஆய்வு. எம்.பி.ஏ.வுக்கு மேலே இன்னொரு படி என்று நினைத்து வருபவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். உண்மையில் இது மேல்படி என்பதைவிட வேறொரு தொழிலுக்கான பயிற்சி என்பதே பொருந்தும்.

கேள்வி எப்படி உருவாகிறது

நான் பகுதிநேர ஆய்வாளராகப் பதிவு செய்தபோது கொண்டுபோன தலைப்பு, ‘நீலகிரித் தேயிலைத் தொழில்: பிரச்சினைகளும் வாய்ப்புகளும்’ என்பது. எனக்கு அது நல்ல தலைப்பாகவே பட்டது. ஆய்வுக் குழு அதை ஏற்கவில்லை. குழுவில் இருந்த மூத்த பேராசிரியர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “இந்த ஆய்வு முடிந்த பிறகு, இன்று தெரியாத எந்த ஒன்று தெரிந்திருக்கும்?” என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலைத் தேடுவதிலேயே ஏறத்தாழ ஓராண்டு கழிந்தது. அந்த ஓராண்டை வீணானதாக இன்று நான் நினைக்கவில்லை என்றாலும், புதிதாக வருபவர்கள் அதைச் சில மாதங்களில் கடந்துவிட முடியும் என்பதால் தலைப்பை எப்படிக் குறுக்கினேன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நீலகிரியில் 10.12 ஹெக்டேர், அதாவது 25 ஏக்கர் வரை தேயிலை வைத்திருப்பவரைத் தேயிலை வாரியம் சிறு விவசாயி என்று கணக்கில் கொள்கிறது. நம் ஊர்களில் ஓர் ஏக்கரும் இரண்டு ஏக்கரும் வைத்திருப்பவர்களே மிகுதி. இவர்களுக்காக 1962-இல் குந்தாவில் முதல் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. இன்று இன்கோசர்வ் என்ற கூட்டமைப்பின் கீழ் 16 தொழிற்சாலைகள் இயங்குகின்றன. அவற்றின் அங்கத்தினர் தம் இலையைத் தம் தொழிற்சாலைக்குக் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் அங்கத்தினரில் பலர் இலையில் ஒரு பகுதியைத் தனியார் தொழிற்சாலைக்கோ இலை ஏஜென்ட்டுக்கோ போடுகிறார்கள். இது மலையில் எல்லாருக்கும் தெரிந்த செய்தி. ஏன் என்று கேட்டால், “விலைதான், வேறென்ன” என்று எல்லாரும் ஒரே பதிலைச் சொல்வார்கள்.

எல்லாரும் ஒரே பதிலைச் சொல்லும் இடம் ஆய்வுக்கு நல்ல இடம். விலைதான் காரணம் என்றால், வெளி விலை கூடும் மாதத்தில் எல்லா அங்கத்தினரும் வெளியே போக வேண்டும். விலை சமமாகும்போது எல்லாரும் திரும்ப வேண்டும். அப்படி நடக்கிறதா? நடக்கவில்லை. ஒரே ஊரில், ஒரே அளவு தோட்டம் வைத்திருக்கும் இரண்டு அண்ணன் தம்பிகளில் ஒருவர் தொடர்ந்து கூட்டுறவுச் சங்கத்துக்கே போடுகிறார், மற்றவர் ஏஜென்ட்டுக்குப் போடுகிறார். அப்படியென்றால் விலையோடு வேறு சிலவும் சேர்ந்திருக்கின்றன. பணம் கைக்கு வர ஆகும் நாட்கள், பெண்ணின் கல்யாணத்துக்கு ஏஜென்ட் கொடுத்த முன்பணம், தோட்டத்து ஓரத்திலேயே வண்டி வந்து ஏற்றிக்கொள்ளும் வசதி, ஈரத்துக்காகக் கழிக்கும் கிலோ, சங்க நிர்வாகத்தில் தம் பேச்சு எடுபடும் என்ற எண்ணம் ஆகியவற்றில் எது எவ்வளவு இழுக்கிறது? கேள்வி இப்போது ஒரு பிடிக்குள் வந்துவிட்டது: கூட்டுறவுத் தொழிற்சாலை அங்கத்தினர் ஒருவர் தம் இலையில் எவ்வளவு பங்கை வெளியே போடுகிறார் என்பதை, விலை வேறுபாடு நீங்கலாக, எந்தக் காரணிகள் தீர்மானிக்கின்றன?

கேள்வி பிடிக்குள் வந்தவுடன் அடுத்து வருவது கோட்பாடு. கோட்பாடு என்றால் பலருக்கு அச்சம். உண்மையில் அது, வேறு இடங்களில் இதே போன்ற நிலையை ஆராய்ந்தவர்கள் நமக்குக் கொடுத்துவிட்டுப் போன ஒரு பார்வை. ஓர் அமைப்பின் மீது அதிருப்தி கொண்டவர் ஒன்று விலகுவார், அல்லது உள்ளேயே நின்று குரல் எழுப்புவார், இவற்றில் எதைத் தேர்கிறார் என்பதை அந்த அமைப்பின் மீது அவருக்குள்ள பற்று மாற்றியமைக்கும் என்று 1970-இல் பொருளியல் அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் எடுத்துரைத்தார். அவர் நீலகிரித் தேயிலையை நினைத்து எழுதவில்லை. ஆனால் பாதி இலையைச் சங்கத்துக்கும் பாதியை வெளியேயும் போடுகிறவர் விலகியவரா, விலகாதவரா? விலகலும் இருத்தலும் ஒரே மனிதரிடம் ஒரே வாரத்தில் சேர்ந்திருக்க முடியும் என்பதை நம் மலை காட்டுகிறது. ‘ஆய்வு இடைவெளி’ என்று பாடநூல்கள் சொல்வது இதைத்தான். ‘இந்தத் தலைப்பில் இந்த மாவட்டத்தில் இதுவரை யாரும் ஆய்வு செய்யவில்லை’ என்பது இடைவெளியாகாது. ஏற்கெனவே உள்ள விளக்கம் எந்த இடத்தில் போதவில்லை என்று காட்டுவதே இடைவெளி.

தேயிலையோடு தொடர்பில்லாதவர்களுக்கு இன்னொரு வகைக் கேள்வியையும் சுருக்கமாகக் காட்டுகிறேன். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் வந்தது. ‘இ-பாஸால் வியாபாரம் போச்சு’ என்று விடுதிக்காரர் சொல்வதை அப்படியே எழுதிவைத்தால் அது செய்தி. இ-பாஸுக்கு முன்னும் பின்னும் அறைகள் நிரம்பிய அளவை எடுத்து, அதே காலத்தில் இ-பாஸ் இல்லாத ஏற்காட்டின் அளவோடு ஒப்பிட்டு, மழையாலும் தேர்தலாலும் வந்த குறைவைக் கழித்துவிட்டுப் பார்த்தால் அது ஆய்வு. ஊட்டியைக் கொடைக்கானலோடு ஒப்பிட முடியாது; இரண்டு ஊருக்கும் ஒரே நாளில்தான் அது வந்தது. இந்தச் சிறு விவரத்தைக் கவனிக்கத் தெரிவதே பாதிப் பயிற்சி.

நம்பிக்கை என்ற ஒரு சொல்

ஆய்வு முறையியல் என்ற பாடத்தைப் புதியவர்கள் புள்ளியியல் என்று எண்ணுகிறார்கள். புள்ளியியல் அதில் ஒரு பகுதிதான், அதுவும் கடைசியில் வருவது. அதற்கு முன்னால், எதை அளக்கிறோம் என்று நமக்கே தெரிந்திருக்க வேண்டும். இதை நான் கற்றுக்கொண்ட இடம் கோத்தகிரிப் பக்கத்தில் ஓர் இலை எடைபோடும் கொட்டகை.

மழை விட்டிருந்த ஒரு பிற்பகல். பெண்கள் சாக்குகளைத் தலையிலும் தோளிலும் சுமந்து வந்து வரிசையில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். தராசுக் கொக்கியில் ஒவ்வொரு சாக்காக ஏறியது. எழுத்தர் 23 என்று சொல்லி, ஈரத்துக்கு 2 கழித்து, 21 என்று சீட்டில் எழுதினார். ஒரு கிலோ தூள் கிடைக்க நான்கு கிலோவுக்கும் மேல் பச்சை இலை வேண்டும், இலையில் தண்ணீர் இருந்தால் அது இன்னும் கூடும். ஆகவே கழிப்பதில் நியாயம் உண்டு. எவ்வளவு கழிப்பது என்பதில்தான் வழக்கு. சாக்குக்கு உரிய அம்மாள் எழுத்தரின் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவர் கண் தராசின் முள்ளிலேயே இருந்தது.

என் வினாநிரலில் ஒரு வாக்கியம் இருந்தது: ‘தொழிற்சாலை எடை போடுவதில் எனக்கு நம்பிக்கை உண்டு.’ ஐந்தில் எத்தனை என்று சொல்ல வேண்டும். இப்படி ஒன்று முதல் ஐந்து வரை உடன்பாட்டைக் கேட்கும் முறையை 1932-இல் ரென்சிஸ் லிக்கர்ட் வகுத்தார். இன்று மேலாண்மை ஆய்வுகளில் மிகப் பரவலாக உள்ளது அதுதான். அந்த அம்மாளிடம் வாக்கியத்தைப் படித்துக் காட்டினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “எந்த நம்பிக்கையைக் கேக்கறீங்க தம்பி? சரியாத்தான் போடறாங்கன்னு தெரிஞ்ச நம்பிக்கையா, இல்ல சரியாப் போடுவாங்கன்னு நம்பிக்கிட்டு இருக்கறதா?” என்றார்.

ஆங்கிலத்தில் மூன்று நான்கு தனிச் சொற்களால் பிரித்துச் சொல்லும் பொருள்களைத் தமிழில் நம்பிக்கை என்ற ஒரே சொல் சுமக்கிறது. ஒருவர் நேர்மையானவர் என்று அறிந்து அவரை நம்புவதும் நம்பிக்கை. நாளை நல்லது நடக்கும் என்று எதிர்பார்ப்பதும் நம்பிக்கை. கடவுள் நம்பிக்கையும் அதுவே. வெளிநாட்டு ஆய்விதழிலிருந்து எடுத்த வினாநிரலை நான் நேரடியாகத் தமிழாக்கியிருந்தேன். அதுவரை அறுபது பேரிடம் வாங்கிய பதில்களில் யார் எந்தப் பொருளில் ஐந்து போட்டார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. அந்த அறுபதையும் ஒதுக்கிவைக்க நேர்ந்தது. இதனால்தான் மொழிபெயர்த்த வினாநிரலை, மூலத்தைப் பார்த்திராத இன்னொருவர் மீண்டும் மூல மொழிக்கு மாற்றி, இரண்டும் ஒத்துவருகின்றனவா என்று பார்க்க வேண்டும் என்கிறார்கள். நம் மலையில் வீட்டில் படுக மொழி பேசுவோரிடம் தமிழில் கேட்கிறோம் என்பதால் கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

பிறகு நான் நம்பிக்கை என்ற சொல்லையே எடுத்துவிட்டு, நடத்தையைக் கேட்டேன். எடை போடும்போது முள்ளைப் பார்ப்பீர்களா? சீட்டில் எழுதிய கிலோவை வீட்டில் தனியாகக் குறித்துவைப்பீர்களா? நீங்கள் போக முடியாத நாளில் சாக்கைப் பக்கத்து வீட்டாரிடம் கொடுத்து அனுப்புவீர்களா? இந்தக் கேள்விகள் ஒரே பொருளைத்தான் தொடுகின்றனவா என்று சோதிக்க க்ரான்பாக் ஆல்ஃபா என்ற அளவு உள்ளது. அதை 1951-இல் லீ க்ரான்பாக் முன்வைத்தார்; 0.7-க்கு மேல் வந்தால் ஏற்கத்தக்கது என்பது நடைமுறை. ஆனால் அந்த எண் நன்றாக வந்தாலும், கேள்விகள் தவறான பொருளை ஒருமித்து அளந்துகொண்டிருக்கலாம். அதைக் கணினி சொல்லாது. கொட்டகையில் நின்றால்தான் தெரியும்.

களத்தில் வேறு சிலவும் தெரியவந்தன. வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவரிடம் குறை சொல்லக்கூடாது என்ற மரியாதையால், தேநீர் கொடுத்துவிட்டு எல்லாவற்றுக்கும் ஐந்து என்று சொல்கிறவர்கள் உண்டு. அதற்காகச் சில கேள்விகளை எதிர்மறையாக அமைக்க வேண்டும். தொழிற்சாலைக் கணக்கு கணவர் பெயரில் இருக்கும், இலை பறித்து எடைக்குக் கொண்டுவருவது மனைவியாக இருக்கும். நிலமோ இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும். இதில் ‘விவசாயி’ என்று யாரைக் கேட்பது? இலை மிகுந்து வரும் மாதங்களில் தொழிற்சாலையே தன் திறனுக்கு மேல் வாங்க முடியாமல் அளவு வைத்து வாங்கும்; மிச்சத்தை விவசாயி வெளியேதான் போட்டாக வேண்டும். அந்த மாதங்களில் வெளியே போட்டதை விலகல் என்று நான் எண்ணியிருந்தேன். அது என் பிழை.

மாதிரி அளவு பற்றி ஒன்று. தமிழ்நாட்டு மேலாண்மை ஆய்வேடுகளைப் புரட்டினால் 384 என்ற எண் அடிக்கடி வரும். மிகப்பெரிய தொகையினரிடமிருந்து 95 விழுக்காடு உறுதியோடும், கூட்டியும் குறைத்தும் 5 விழுக்காடு பிழை வரம்போடும் ஒரு விகிதத்தை மதிப்பிடத் தேவையான எண் அது. 1970-இல் க்ரெஜ்சியும் மார்கனும் வெளியிட்ட அட்டவணையிலிருந்து பெரும்பாலும் எடுக்கிறார்கள். ஆனால் அந்தக் கணக்கு, ஒவ்வொருவருக்கும் தேர்வாகும் வாய்ப்பு சமமாக இருக்கும்படி குலுக்கி எடுத்த மாதிரிக்குத்தான் பொருந்தும். பேருந்து நிலையத்தில் எதிர்ப்பட்ட 384 பேரிடம் படிவம் நிரப்பினால், 384 என்ற எண்ணுக்கு எந்த மந்திரமும் இல்லை. சங்கத்தின் அங்கத்தினர் பதிவேட்டைப் பெற்று, இறந்தவர்களையும் இடம் பெயர்ந்தவர்களையும் நீக்கி, அதிலிருந்து குலுக்கி எடுத்த 150 பேர் அதைவிட மேலானவர்கள் என்பது என் உறுதியான கருத்து.

சேரும் வழி

இனி நடைமுறை. இந்தியப் பல்கலைக்கழகங்களில் பிஎச்.டி.க்கான அடிப்படை விதிகளை யுஜிசி என்ற பல்கலைக்கழக மானியக் குழு வகுக்கிறது. 2022 நவம்பரில் வெளியான விதிகள் இப்போது நடப்பில் உள்ளன. முதுநிலைப் பட்டத்தில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். பட்டியலினத்தவர், பழங்குடியினர், வசதி வரம்புக்குட்பட்ட பிற பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்டோருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் 75 விழுக்காடு பெற்றவர்களும் நேரடியாகச் சேரலாம். முன்பிருந்த எம்.பில். பட்டம் இந்த விதிகளோடு நிறுத்தப்பட்டது; அதைத் தேடி இனி அலைய வேண்டாம்.

சேர்க்கைக்கு, தேசியத் தகுதித் தேர்வான நெட் ஒரு வழி. ஆண்டுக்கு இருமுறை நடக்கும் அதில் மேலாண்மை ஒரு தனிப் பாடம். முதல் தாளில் 50 வினாக்கள், இரண்டாம் தாளில் 100 வினாக்கள், மொத்தம் மூன்று மணி நேரம். 2024 முதல், நெட் மதிப்பெண்ணையே பிஎச்.டி. சேர்க்கைக்கும் பயன்படுத்தும் ஏற்பாடு வந்தது. இளநிலை ஆய்வு உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும், பிறகு 42,000 ரூபாயும் பெறலாம். இது முழுநேர ஆய்வாளருக்கு மட்டுமே உரியது. பல்கலைக்கழகங்கள் தாமே நடத்தும் நுழைவுத்தேர்வு மற்றொரு வழி. அதில் ஆய்வு முறையியல் பாதி, பாடம் பாதி.

நீலகிரி மாவட்டம், 1982-இல் தொடங்கப்பட்ட கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருகிறது. பழனி மலையில் கொடைக்கானலிலேயே, 1984 முதல், அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் உள்ளது. மலையை விட்டு இறங்காமல் படிக்க விரும்பும் பெண்களுக்கு இது பெரிய வசதி. திருச்சிராப்பள்ளியில் 2011-இல் வந்த இந்திய மேலாண்மைக் கழகமான ஐஐஎம்மிலும் முனைவர் பட்டத் திட்டம் இருக்கிறது. ஐஐஎம்கள் நெடுங்காலம் ‘ஃபெலோ’ என்ற தகுதியையே அளித்துவந்தன. 2017-இல் இயற்றப்பட்ட சட்டத்துக்குப் பிறகே பிஎச்.டி. என்ற பட்டத்தை வழங்குகின்றன.

குறைந்தது மூன்று ஆண்டுகள், அதிகபட்சம் ஆறு ஆண்டுகள் என்பது கால வரம்பு. மறுபதிவு செய்து மேலும் இரண்டு ஆண்டுகள் பெறலாம்; பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் ஊனமுள்ளவர்களுக்கும் அதற்கு மேல் இன்னும் இரண்டு ஆண்டுகள் உண்டு. பெண்கள் மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பாக மொத்தம் 240 நாட்கள் வரை எடுக்கலாம். இந்த உரிமையைத் தெரியாமலேயே குழந்தை பிறந்ததும் ஆய்வைக் கைவிட்ட பெண்கள் இருக்கிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பகுதிநேர ஆய்வுக்கு விதிகளில் இடம் உண்டு. பணிபுரியும் இடத்திலிருந்து தடையின்மைச் சான்று வேண்டும். ஆய்வுக்குப் போதிய நேரம் கிடைக்கும் என்றும், தேவைப்பட்டால் பாடப்பகுதியை முடிக்கப் பணியிலிருந்து விடுவிப்போம் என்றும் நிர்வாகம் அதில் எழுதித் தர வேண்டும். வாயால் சொன்ன சம்மதத்தை நம்பிப் பதிவு செய்யாதீர்கள். எனக்குப் பாடப்பகுதி நடந்த மாதங்களில், விடியற்காலைப் பேருந்தில் குன்னூரிலிருந்து இறங்கிக் கோவைக்குப் போய் இரவு திரும்புவேன். வடகிழக்குப் பருவமழையில் மண்சரிந்து மலைப்பாதை அடைபட்டால் அன்றைய வகுப்பு போய்விடும். மலையிலிருந்து படிப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகை மாதங்களுக்கு மாற்று ஏற்பாட்டை முன்கூட்டியே நெறியாளரிடம் பேசிவைப்பது நல்லது.

நெறியாளர், அதாவது நாம் கைடு என்று சொல்பவர், இந்தப் பயணத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமானவர். பேராசிரியர் ஒருவர் ஒரே நேரத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மட்டுமே வழிகாட்டலாம். எனவே காலியிடம் இருக்கிறதா என்பதே முதல் கேள்வியாகிவிடுகிறது. ஆனால் இடம் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒருவரிடம் சேர வேண்டாம். அவரிடம் ஏற்கெனவே ஆய்வு செய்தவர்கள் இரண்டு பேரிடமாவது பேசுங்கள். எழுதிக் கொடுத்ததைப் படித்துத் திருத்தித் தருகிறாரா, எத்தனை நாளில் தருகிறார் என்பதை அவர்களே சொல்வார்கள். அவர் வழிகாட்டிய ஆய்வேடுகளையும் படித்துப் பார்க்கலாம். இந்தியப் பல்கலைக்கழகங்கள் ஏற்ற ஆய்வேடுகளை இன்ஃப்லிப்நெட் மையம் ‘சோத்கங்கா’ என்ற தளத்தில் யாரும் இலவசமாகப் படிக்கும்படி வைத்திருக்கிறது. நான் எந்த மாணவரிடமும் முதலில் சொல்லும் வேலை, அதில் மூன்று ஆய்வேடுகளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பதுதான். ஆய்விதழ்களுக்கு, 2025 சனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தால் அரசு உயர்கல்வி நிறுவனங்களில் உள்ளவர்கள் ஏறத்தாழ 13,000 இதழ்களைப் பார்க்க முடியும். ஊட்டியில் உட்கார்ந்து படிப்பவருக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது, ஒரு கட்டுரைக்காகக் கோவை நூலகத்துக்குப் போய்வந்தவர்களுக்குத் தெரியும்.

சேர்ந்த பிறகு குறைந்தது 12 கிரெடிட் அளவுக்குப் பாடப்பகுதி இருக்கும். ஆய்வு நெறிமுறை அதில் கட்டாயம். பிறகு ஒவ்வொரு செமஸ்டரும் ஆய்வு ஆலோசனைக் குழு முன் தோன்றி, செய்த வேலையைச் சொல்ல வேண்டும்.

டி.பி.ஏ. என்பது என்ன

வணிக நிர்வாகத்தில் டி.பி.ஏ. என்ற இன்னொரு முனைவர் பட்டம் வெளிநாடுகளில் உண்டு. பணியில் இருக்கும் மேலாளர் தம் நிறுவனத்தின் சிக்கல் ஒன்றை ஆய்வு முறைகளைக் கொண்டு ஆராய்வதற்காக அமைந்தது அது, பிஎச்.டி. கோட்பாட்டைச் செழுமைப்படுத்துவதை நோக்கிச் செல்ல, டி.பி.ஏ. நடைமுறையைச் சீர்படுத்துவதை நோக்கிச் செல்கிறது. எல்லைக்கோடு எல்லா இடத்திலும் தெளிவாக இருந்ததில்லை. நெடுங்காலம் டி.பி.ஏ. வழங்கிய ஹார்வர்டு வணிகப் பள்ளி, பின்னர் அந்தத் திட்டத்தையே பிஎச்.டி.யாக மாற்றிக்கொண்டது.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். வீட்டிலிருந்தபடி ஓரிரு ஆண்டுகளில் டாக்டர் பட்டம் என்ற விளம்பரங்கள் நம் கைப்பேசிக்கும் வருகின்றன. இணையவழிக் கல்வி நிறுவனங்கள் வெளிநாட்டுக் கல்வி நிறுவனங்களோடு சேர்ந்து நடத்தும் இணையவழி பிஎச்.டி. இந்தியாவில் அங்கீகரிக்கப்பட்டதல்ல என்று யுஜிசியும், ஏஐசிடிஇ என்ற அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் 2022 அக்டோபரில் கூட்டாக அறிவித்தன. தொலைநிலைக் கல்வியில் பிஎச்.டி. பெறவும் இங்கு வழியில்லை. கல்லூரியில் இணைப் பேராசிரியராக உயர விரும்புபவருக்குப் பிஎச்.டி. கட்டாயம், அந்த நோக்கத்தோடு பணம் கட்டி, செல்லாத பட்டத்தை வாங்கி ஏமாந்தவரின் துயரம் பெரிது. ஆய்வேட்டையே எழுதித் தருகிறோம் என்று அழைப்பவர்களும் அதே வகையினர். 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் பகுதி 10 விழுக்காட்டுக்கு மேல் 40 வரை இருந்தால் திருத்தி மீண்டும் அளிக்க வேண்டும். 40 முதல் 60 வரை இருந்தால் ஓராண்டு அளிக்கவே முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும்.

ஆய்வேடும் வாய்மொழித் தேர்வும்

ஆய்வு முடியும் தறுவாயில் சுருக்கத்தை அளித்து, பிறகு ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். பல்கலைக்கழகத்தோடு தொடர்பில்லாத இரண்டு புறத் தேர்வாளர்களாவது அதைப் படித்து அறிக்கை அளிப்பார்கள். இருவரும் ஏற்றால் வாய்மொழித் தேர்வு. அது பூட்டிய அறைக்குள் நடப்பதில்லை. மற்ற ஆய்வாளர்களும் ஆசிரியர்களும் வந்து அமரலாம், கேள்வி கேட்கலாம்.

என் வாய்மொழித் தேர்வில் புறத் தேர்வாளர் கேட்டவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், ஏனெனில் அதைத் தயாரித்துக்கொள்ளாமல் போகிறவர்கள் பலர். சங்க நிர்வாகத்தில் தம் பேச்சு எடுபடாது என்று எண்ணுகிறவர்கள் வெளியே அதிகம் போடுகிறார்கள் என்று நான் எழுதியிருந்தேன். “வெளியே போடுவதால் சங்கக் கூட்டத்துக்குப் போவதை நிறுத்தி, அதனால் தம் பேச்சு எடுபடாது என்று எண்ணத் தொடங்கியிருக்கலாமே? எது முன், எது பின்?” என்று அவர் கேட்டார். ஒரே பருவத்தில் ஒரே முறை கேட்டு வாங்கிய பதில்களைக் கொண்டு இதற்கு விடை சொல்ல முடியாது. அதே நபர்களிடம் ஓராண்டு இடைவெளியில் இருமுறை கேட்டிருந்தால் ஓரளவு சொல்லலாம். நான் 70 பேரிடம் மட்டுமே இரண்டாம் முறை கேட்டிருந்தேன். அவ்வளவுக்குத்தான் என்னால் சொல்ல முடியும் என்று சொன்னேன். அவர் அதை ஏற்றுக்கொண்டு, இறுதி இயலில் அந்த வரம்பை ஒரு பத்தியாகச் சேர்க்கச் சொன்னார்.

திருத்தம் முடிந்ததும் ஆய்வேட்டின் மின்படி சோத்கங்காவுக்குப் போனது. கொட்டகையில் நின்று கேட்ட கேள்விகள், ஒதுக்கிய அறுபது படிவங்களைப் பற்றிய குறிப்பு, அந்த 70 பேரின் இரண்டு ஆண்டுப் பதில்களின் அட்டவணை எல்லாம் அதன் பின்னிணைப்பில் உள்ளன. கணக்கைப் போட்டுப் பார்க்க விரும்புகிறவர் என்னிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.